அடப்பத்துக் கல்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. மேற்கே பச்சைமலை அடிவாரத்தில் கருங்கல், கிழக்கே சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல், இடையில் காரையின் களிப்பாறை ஓடைகள். ஆனால் சவரக்கத்திக்கு இவை எதுவும் உதவாது. கருங்கல்லின் பரல் பெரிது. அதில் தீட்டினால் விளிம்பில் பல் விழும். நெல் அறுக்கும் அரிவாளுக்கு அந்தப் பல் வேண்டும், கன்னத்துக்கு ஆகாது. சுண்ணாம்புக்கல்லோ எஃகைவிட மெது. களிப்பாறை தண்ணீரில் ஊறினால் குழைந்துவிடும். அதனால் பழைய முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் அடப்பத்தில், அதாவது கருவிப்பையில், வழவழவென்று ஒரு கல் கிடந்தால், பெரும்பாலும் அது தூரதேசத்திலிருந்து வந்ததாக இருக்கும்.

இந்தக் கற்கள் ஓய்ந்துபோனதற்குக் காரணம் உண்டு. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஆளுக்கொரு புது பிளேடு என்பது சலூன்களில் வழக்கமாயிற்று. நல்ல மாற்றம்தான். ஆனால் கல்லும் தோல்வாரும் பரணுக்குப் போயின. இப்போது பேரப்பிள்ளைகள் அவற்றை இறக்கி, “இது பெல்ஜியம் கல்லா, ஜெர்மன் கல்லா?” என்று கேட்கிறார்கள். நல்ல விலை போகும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

“கல்லோட மொகத்தப் பாக்காதீங்க தம்பி, வெலாவப் பாருங்க” என்றார் வயதான தொழிலாளி ஒருவர். முகம் எண்ணெய் குடித்துக் கறுத்திருக்கும். பக்கவாட்டில்தான் அடுக்கும் ரேகையும் தெரியும். சலவை சோடா கரைத்த வெந்நீரில் கழுவினால் இன்னும் தெளியும். அடுக்கே இல்லாமல் ஒரே சீரான பரலும், வெயிலில் மினுமினுப்பும், சொட்டுத் தண்ணீரை உடனே உறிஞ்சும் தாகமும் இருந்தால் அது ஆலையில் செய்த கார்பொரண்டம் கல். சென்னையில் முருகப்பா குழுமத்தின் கார்பொரண்டம் யுனிவர்சல் 1954இல் தொடங்கியது. நம் ஊர்க் கடைகளில் இவ்வகைக் கல் சாதாரணம்.

இயற்கைக் கல்லென்றால் ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி, அந்தப் பொடியில் எலுமிச்சைச் சாறு விடலாம். நுரைத்தால் சுண்ணாம்பு, கதை அங்கேயே முடிந்தது. நுரைக்காவிட்டால் ஈரமாக்கி, இன்னொரு கல்லால் உரசி, வரும் சேற்றின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கத்தியை உரசிப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள், அப்போது சேற்றில் வரும் கறுப்பு எஃகின் தேய்மானம். பெல்ஜியத்தின் வீல்சால்ம் பகுதியில் எடுத்த கோட்டிக்யூல் மஞ்சளாக, பல சமயம் நீல நிறக் கல்லோடு ஒட்டிப் பிறந்திருக்கும். நுண்ணிய கார்னெட் மணிகள் நிறைந்திருப்பதால் அதே அளவு சிலேட்டைவிடக் கனம். அதன் சேறு பால்போல் இருக்கும். ஜெர்மனியின் துரிங்கியாக் கல் சிலேட்டு இனம், சாம்பலும் பச்சையும் கலந்தது. அமெரிக்காவின் ஆர்கன்சா கல் கிட்டத்தட்ட முழுதும் சிலிக்கா. சேறே விடாது, நல்ல ரகத்தின் ஓரத்தில் விளக்கொளி ஊடுருவும். நம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தில் மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் சிலிக்காதான். (அங்கே ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது, அது காக்கப்படும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.)

என்னைக் கேட்டால், நிறத்தையும் கனத்தையும்விடத் தேய்மானமே நம்பத்தக்க சாட்சி. சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் விளிம்பும் சேர்ந்தே கல்லில் படியும். அதனால் கல்லின் தளம் சமமாக இருந்தாக வேண்டும். நடுவில் குழிந்த கல், தச்சரின் உளியையோ வீட்டுக் கத்தியையோ பார்த்தது. அடப்பத்தில் கிடந்ததாலேயே அது சவரக் கல் ஆகிவிடாது.

விற்க நினைப்பவர்கள் தயவுசெய்து அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தாத்தா இருக்கிறார் என்றால் எந்த ஊரில், யாரிடம் வாங்கினார் என்று கேட்டு எழுதிவையுங்கள். கல்லின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கிழிந்த காகிதத்தையும் சுரண்டிவிடாதீர்கள். துரிங்கியாக் கற்களில் பேர்போன எஷர் கல்லை மற்றவற்றிலிருந்து பிரித்து உறுதியாகச் சொல்ல அந்தச் சீட்டைப் போல உதவுவது வேறில்லை.