ரெண்டு செயின் பிளாக்கும் ஒரு காப்புரிமையும்

தேனிப் பக்கம் ஏதாவது ஒரு பட்டறையில் நீளமான இரும்பு உத்தரத்தை ரெண்டு செயின் பிளாக்கில் மாட்டித் தூக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? ரெண்டு முனையிலும் ஆள் நின்று இழுப்பார்கள். நடுவில் ஒருத்தர் "இந்தப் பக்கம் நிறுத்து, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்" என்று கத்திக்கொண்டே இருப்பார். ஒரு முனை முந்தினால் பாரம் சரிந்து நழுவிவிடும்.

அணை ஷட்டர்களிலும் இதே தொல்லைதான். ஒரு பக்க வடம் முந்தினால் ஷட்டர் கோணிக்கொண்டு சிக்கிவிடும். அதனால் ரெண்டு பக்க உருளைகளையும் ஒரே தண்டால் இணைத்து ஒரு மோட்டாரில் சுற்றுவார்கள். பழைய வித்தை.

தண்டை எடுத்துவிட்டு ரெண்டு மோட்டார், ரெண்டு சென்சார், முந்துகிற பக்கத்தை நிறுத்த ஒரு கண்ட்ரோல் பெட்டி என்று ஒருவர் செய்து காப்புரிமை கேட்டால்? அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்கு இது தானாகவே தோன்றியிருக்குமா என்றுதான் சட்டம் கேட்கும். நடுவில் நின்று கத்துகிறவரின் வேலையைத்தானே பெட்டி செய்கிறது!

நம் ஊரில் இதற்கு அடிப்படையான வழக்கு ஒரு பாத்திரக் கடைசலைப் பற்றியது. மிர்சாபூர் பித்தளைப் பாத்திரக்காரர்களான ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், பாத்திரத்தைக் கடையும்போது இறுக்கிப் பிடிக்கும் கருவிக்கு 1951-இலிருந்து செல்லுபடியாகும் காப்புரிமை வாங்கியது. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் என்ற நிறுவனத்தோடு தகராறு. அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் ஒற்றை நீதிபதி ரத்து செய்தார், அமர்வு அதைத் திருப்பிப் போட்டது. கடைசியில் 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இது பட்டறையில் சகஜமாகச் செய்துகொள்ளும் சின்ன மாற்றம், கண்டுபிடிப்பு இல்லை என்று ரத்து செய்தது. இருபத்தேழு வருஷம்!

1970 சட்டத்தின் 3(எஃப்) பிரிவும் இதே வழிதான். தனித்தனியாக, தெரிந்த முறையில் வேலை செய்யும் தெரிந்த கருவிகளைச் சும்மா அடுக்கினால் கண்டுபிடிப்பு ஆகாது. ஆனால் நம்ம பெட்டி அவ்வளவு சுலபமாக இதில் மாட்டாது. ரெண்டு மோட்டாரும் ஒன்றையொன்று பார்த்து ஓடுகின்றனவே! தவிர, செய்து காட்டிய பிறகு எல்லாம் "இது தெரியாதா" என்றுதான் தோன்றும். வடம் தளர்ந்து சென்சார் ஏமாறுகிற இடத்தில் யாருக்கும் தோன்றாத தீர்வு இருந்தால் அதற்கு உரிமை தருவதே நியாயம்.

சிக்கல் வேறு இடத்தில். காப்புரிமை தருவதற்கு முன் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம், இந்தியாவில் ஏற்கெனவே பலர் அறியப் புழக்கத்தில் இருந்தது என்று காட்டலாம். காட்ட என்ன இருக்கிறது? தேதி போட்ட வரைபடம், பில், போட்டோ கேட்பார்கள். பட்டறையில் இருப்பதோ கிரீஸ் பிடித்த காலண்டரும், சுவரில் சாக்பீஸால் போட்ட அளவுகளும்தான்.