மழைக்கு முன் காய வேண்டிய ஜிமிக்கி

புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இவ்வூர்க் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குதிரையும் பிள்ளையாரும் செய்கிற மண்ணில் இந்த வட்டாரத்தில் இப்போது ஜிமிக்கியும் பதக்கமும் செய்கிறார்கள். பட்டறையில் கவனித்தால், கைவேலையைவிடக் காத்திருப்புக்குத்தான் அதிக நேரம் போகிறது. சலித்துப் பிசைந்த மண்ணை ஈரத்துணி போட்டு மூடிவைக்கிறார்கள். ஜிமிக்கியின் குடையை அச்சில் அழுத்தி எடுத்து, விளிம்பில் கடுகளவு உருண்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டுகிறார்கள். கம்பி நுழையும் துளையைப் பாதி காய்ந்த பதத்தில் போட வேண்டும்; முந்தினால் துளை மூடிக்கொள்ளும், பிந்தினால் ஓரம் பெயரும். அப்புறம் நிழலில் உலர்த்த வேண்டும். உள்ளே துளி ஈரம் நின்றாலும் சூளையில் வெடித்துவிடும்.

இந்த நகைகள் புதுச்சேரியின் ஒயிட் டவுன் பூட்டிக்குகளில் கைத்தறிச் சேலைக்கும் இயற்கைச் சாயச் சட்டைக்கும் பக்கத்தில் இடம்பிடிப்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் சரக்கை வைத்துவிட்டுப் போங்கள், விற்றபின் பணம் தருகிறோம் என்று கடைகள் சொல்லும் ஏற்பாட்டை எப்படிக் கூட்டு முயற்சி என்று சொல்வது? புதுச்சேரிக்கு மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மண் காயாத காலம் அது. சுற்றுலாக் கூட்டமோ டிசம்பர் கடைசியில்தான் நிரம்பி வழிகிறது. ஆகவே புத்தாண்டுக்கு விற்கிற ஜிமிக்கி செப்டம்பருக்குள் சூளையிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் செய்த வேலையின் கூலியைத் தாங்குவது யார்? விற்றபின் பணம் என்றால் கைவினைஞர் கடைக்குக் கடன் கொடுக்கிறார், அதுவும் வட்டியில்லாமல்.

தங்க வேலையில் வழக்கமாக இப்படி நடந்ததில்லை. வாடிக்கையாளர் தங்கத்தைக் கொடுப்பார். பத்தர் கூலியும் சேதாரமும் வாங்கிக்கொள்வார். விலை இறங்கினால் அந்த நட்டம் பத்தரைச் சேராது. மண் நகையில் மூலப்பொருளுக்கு ஆகும் செலவு சொற்பம், விலையில் பெரும்பகுதி உழைப்பு. அதைக் கடனுக்கு வைப்பதென்றால் கூலியையே கடனுக்கு வைப்பதுதான். வேறு வழியை இந்த ஊர்ப்பக்கமே காட்டியிருக்கிறது. உமா பிரஜாபதி 1997-இல் ஆரோவில்லில் தொடங்கிய உடை நிறுவனம் உபாசனா. 2004 சுனாமிக்குப் பிறகு அது மீனவப் பெண்களுக்குத் துண்டுத் துணியில் சுனாமிகா பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. பொம்மை விற்பனைக்கில்லை, அன்பளிப்பாகத்தான் போகும்; செய்த பெண்களுக்கான கூலி நன்கொடையிலிருந்து வந்தது. நன்கொடையை எல்லாக் கடைகளும் நம்பியிருக்க முடியாது என்பது உண்மை. இருந்தாலும் விற்பனை வேறு, கூலி வேறு என்று பிரிக்க முடியும் என்பதற்கு இது கண்ணெதிரே உள்ள சான்று.

பூட்டிக் கடைக்காரர்களும் சின்ன முதலாளிகள்தானே, வாடகை கட்டவே திணறுகிறார்களே என்பார்கள். அது நியாயமான மறுப்பு. எல்லாச் சரக்கையும் முழுப்பணம் கொடுத்து வாங்கச் சொல்வது நடவாத காரியம். கோடையில் சின்னச் சின்ன ஆர்டராகக் கொடுத்து, பாதிப் பணத்தை அட்வான்ஸாகத் தரலாம். எந்த டிசைன் ஓடும் என்பது வாடிக்கையாளரைத் தினமும் பார்க்கிற கடைக்குத்தான் தெரியும். அந்தக் கணிப்பு தவறினால் அதன் சுமையில் ஒரு பங்கைக் கடை ஏற்பதே முறை. நேரடியாக இணையத்தில் விற்கட்டுமே என்பது இன்னொரு யோசனை. படம் எடுப்பதும் பார்சல் கட்டுவதும் வழியில் உடைந்ததற்குப் பதில் சொல்வதும் முழுநேர வேலை. மண்ணில் கை வைத்திருப்பவர் அதை எப்போது செய்வார்?

சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். கடை விலைக்கு வாங்காமல் வெறுமனே வைத்திருக்கும் சரக்குக்கு அந்தக் கணக்கு ஓடத் தொடங்குவதே சிரமம். அதனால்தான் கைவினைஞரிடம் சிறுதொழில் பதிவுச் சான்றோடு எழுத்தில் ஆர்டரும் வேண்டும் என்கிறேன். எத்தனை ஜோடி, என்ன விலை, எவ்வளவு முன்பணம், அலமாரியில் உடைந்தால் யார் கணக்கு என்பதெல்லாம் அந்த ஒரே தாளில் அடங்கிவிடும்.