பாதக் காவல்

உடலின் பாரம் முழுவதையும் வாழ்நாளெல்லாம் தாங்கி நிற்பவை நம் பாதங்கள். முகத்தை நாளும் பன்முறை கண்ணாடியிற் பார்க்கின்றோம்; கைகளோ எப்பொழுதும் நம் கண்முன் உள்ளன. பாதத்தை நினைப்பது முள் தைத்தபொழுது மட்டுமே. அப்பொழுதும் நம்மை அழைப்பது பாதமன்று, வலி. அவ்வலியை நாம் பகையென்று எண்ணுகின்றோம். உண்மையில் அது பாதத்தின் காவற்காரன். அக்காவற்காரன் உறங்கிவிட்டால் நேர்வது யாது என்பதை நான் என் ஊரிலேயே கண்டேன்.

என் ஊர் திருக்கோகர்ணம். புதுக்கோட்டை அருங்காட்சியகம் இங்கேதான் அமைந்துள்ளது. பாறையைக் குடைந்து அமைத்த பழமையான சிவன் கோயிலும் இங்குண்டு. அங்கு எழுந்தருளியுள்ள பிரகதாம்பாள், புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். எல்லாக் கோயில்களிலும் போலவே இங்கும் காலணியை வெளியே விட்டுத்தான் உள்ளே செல்லுதல் வேண்டும். சித்திரை மாதத்து நண்பகலில் வெயில் படும் கற்றளம் அடுப்பிலிட்ட தோசைக்கல்லாகக் காயும். சிறுவர் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடுவர். பெரியோரும் நடையை விரைவாக்குவர். என் பெரியப்பா மட்டும் அவசரமின்றி அடிமேல் அடிவைத்து வலம் வருவார். கண்டோர், "என்னே இவர் பக்தி!" என்று வியந்தனர்.

ஒரு நாள் மாலை, அவர் நடந்த இடமெல்லாம் தரையில் ஈரத்தடம் பதிந்திருப்பதைப் பெரியம்மா கண்டார். காலைத் தூக்கிப் பார்த்தால், இரு உள்ளங்கால்களிலும் கொப்புளங்கள் உடைந்திருந்தன. "எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே!" என்றார் பெரியப்பா. அவர் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு நோயுடையவர். புண் ஆறப் பல மாதங்கள் சென்றன. காலை இழக்காமல் தப்பினாரெனினும், ஒரு விரலை இழக்க நேர்ந்தது.

மருத்துவர் எங்களுக்கு அதன் காரணத்தை விளக்கினார். குருதியில் சர்க்கரை மிகுந்து நெடுங்காலம் நிற்குமாயின், அது நுண்ணிய நரம்புகளைக் கெடுக்கும். உடலில் மிக நீண்ட நரம்புகள் பாதத்துக்குச் செல்பவையே. ஆதலின் அவையே முதலிற் கெடுகின்றன. சிலருக்கு எரிச்சல் தோன்றும். சிலருக்கு மதமதப்புத் தோன்றும். சிலருக்கு உணர்ச்சியே அற்றுப்போகும். வியர்வை குறைவதால் தோல் வறண்டு வெடிக்கும். குருதிக் குழாய்களும் சுருங்குவதால் புண் எளிதில் ஆறாது. வலி இல்லாமையால் அப்புண்ணின் மீதே மனிதன் நாள்தோறும் நடக்கின்றான்! முள்முனையளவு புண் முழுக்காலையும் வாங்கிவிடுவது இவ்வாறுதான்.

வலியின் அருமையைத் தமிழ்நாட்டிலிருந்து உலகுக்கு உணர்த்திய மருத்துவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பால் பிராண்டு. ஆங்கிலேயப் பெற்றோருக்கு மகனாக 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்றே அக்காலத்துப் பலரும் நம்பினர். ஒரு நாள், துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க இயலாமல் அவர் திகைத்தபொழுது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதிலே திருப்பிவிட்டான். பார்த்தால், அவன் விரல் எலும்பு தெரியும்படி கிழிந்திருந்தது. அவனோ அதனை அறியவில்லை. இத்தகைய நிகழ்ச்சிகளை ஆராய்ந்த பிராண்டு, உறுப்புக்களை அழிப்பது பெரும்பாலும் உணராமல் ஏற்படும் காயங்களே என்று தெளிந்தார். மென்மையான நுண்துளை ரப்பரால் காலணிகள் செய்வித்து நோயாளரின் பாதங்களைக் காத்தார். 1966இல் அமெரிக்கா சென்றபின், நீரிழிவாளரின் பாதப் புண்ணுக்கும் காரணம் அதுவே எனக் கண்டு, வேலூரில் கற்ற பாடத்தை அங்கும் பயன்படுத்தினார்.

அப்பாடம் இன்று நமக்கு மிகவும் வேண்டுவது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது. சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்தலும் புகை பிடியாமையும் முதற்கடமைகள். அவற்றோடு, வலி செய்யாத காவலைக் கண்ணும் கையும் செய்தல் வேண்டும்.

பெரியப்பாவின் பேத்தி அக்காவலை ஏற்றுக்கொண்டாள். இரவுதோறும் விளக்கொளியில் அவருடைய உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு அனைத்தையும் பார்ப்பாள். சிவப்போ, கொப்புளமோ, வெடிப்போ தென்பட்டால், தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வார்கள். உதவிக்கு ஆளில்லாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைக் காணலாம். கால் கழுவும் வெந்நீரின் சூட்டைக் காலால் அறிய முயலலாகாது. முழங்கையால் அறிதல் வேண்டும். கழுவியபின் விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்தல் வேண்டும். வறண்ட குதிகாலில் தேங்காயெண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவலாகாது. நகத்தை நேராக வெட்டுதல் நன்று. கால் ஆணியைப் பிளேடால் செதுக்குதல் பெருந்தீங்கு.

வீட்டினுள்ளும் வெறுங்காலோடு நடத்தல் கூடாது. செருப்பை அணியுமுன் உதறி, உள்ளே கையால் தடவிப் பார்த்தல் வேண்டும். புதுச்செருப்பு வாங்க மாலை நேரமே ஏற்றது. அப்பொழுது பாதம் சற்றுப் பருத்திருக்கும். கோயிலுக்குத் தளம் குளிர்ந்திருக்கும் காலைப் பொழுதிற் செல்லலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுதல் வேண்டும். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்ச்சி உளதா என அவர் அறிந்து கூறுவார். அச்சோதனையில் வலியேதும் இல்லை.

மாணவர்களே! முதியோருக்குக் கண் மங்குகிறது. முதுகு வளைய மறுக்கிறது. தம் பாதத்தைத் தாமே காண இயலாதவர் பலர். உங்களுக்கோ கூரிய கண்கள் உண்டு. பெரியோரின் பாதத்தைத் தொட்டு வணங்குதல் நம் மரபு. வணங்கும்பொழுதே அப்பாதத்தைச் சற்று உற்றும் பாருங்கள். நாளொன்றுக்கு ஐந்து நிமிடமே செல்லும் அப்பணி, ஒரு மனிதர் தம் காலாலேயே இறுதிவரை நடக்க உதவக்கூடும்.