யார் கட்டிய பாட்டு

1988 மே மாதக் கடைசியில், சோமாலியாவில் எங்கள் ஊரான ஹர்கெய்சாவில் சண்டை மூண்டது. கிளர்ச்சிப் படை ஊருக்குள் வந்துவிட்டது என்று, சியாத் பாரே அரசின் விமானங்கள் எங்கள் ஊர் விமான நிலையத்திலிருந்தே கிளம்பி எங்கள் ஊர்மேலேயே குண்டு போட்டன. இரவில் நடந்தோம், பகலில் முள்மரங்களின் அடியில் படுத்துக் கிடந்தோம். பாட்டியை வழியிலேயே அடக்கம் செய்தோம்.

போய்ச் சேர்ந்த இடம் எத்தியோப்பியாவில் ஹர்த்தஷேக் அகதி முகாம். தண்ணீர் லாரியில்தான் வரும். அதற்கான வரிசையில் நின்றபடிதான் பெண்கள் புரான்பூர் கட்டினார்கள். கல்யாண வீட்டில் கொட்டு முழக்கி, ஆடிக்கொண்டே பெண்கள் பாடும் பாட்டு அது. ஆண்கள் சபையில் சொல்லும் கபய் என்ற கவிதைக்குத்தான் எங்களிடம் மதிப்பு. அதை மனப்பாடமாகச் சொல்பவர், இது இன்னார் கட்டியது என்று முதலில் சொல்லியாக வேண்டும். பெண்கள் பாட்டுக்கு அந்த மரியாதை அரிதாகவே கிடைத்தது.

ஒருநாள் அம்மா பாடினார். அடிதோறும் ஒரே மோனை. சோமாலிப் பாட்டில் அது தப்பவே கூடாது. கலோல் மரப்பட்டையை மென்று நார் எடுப்பது, பாய் முடைவது, மழை பெய்த திசை பார்த்து வீட்டைப் பிரித்து ஒட்டகத்தில் ஏற்றுவது, எந்தக் கழியை முதலில் உருவுவது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். மேய்ச்சல் வாழ்க்கையில் வீட்டைக் கட்டுவதும் பிரிப்பதும் பெண்கள்தான். குடத்தோடு நின்றவர்கள் வாய்விட்டு அழுதார்கள். மரமும் மழையும் அவர்களுக்குக் கைவேலை. நாடு போனதும் அந்த வேலையும் போயிற்று. இதைச் சொன்ன கபய் எதையும் நான் கேட்டதில்லை.

பிறகு கார்டிஃப் வந்தோம். பிரிட்டிஷ் கப்பல்களில் கரி அள்ளிப்போட்ட சோமாலி மாலுமிகள் நூறு வருடத்துக்கு முன்பே குடியேறிய துறைமுகம். அங்கே அம்மா கேசட்டில் பாடி டொரண்டோவிலிருந்த சித்திக்கு அனுப்புவார். பதிலும் பாட்டாகவே வரும்.

அடுத்த தலைமுறையில், லண்டனில் வளர்ந்த சோமாலிப் பெண் வர்சன் ஷயர் ஆங்கிலத்தில் எழுதி, 2013-இல் அந்நகரின் முதல் இளம் அரசவைக் கவிஞரானார். மோனை போச்சே என்று பெரியவர்கள் குறைப்பட்டார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. புத்தக அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. ஆஷா லுல் முகமூத் யூசுப் பிரிட்டனில் இருந்துகொண்டு சோமாலியிலேயே எழுதுகிறார். கள்ளத்தனமாகக் கடல் கடக்கும் பிள்ளைகளைப் பாடிய அவருடைய தொகுப்பு, ஆங்கில மொழிபெயர்ப்போடு 2017-இல் வந்தபோது இரண்டு பிரதி வாங்கினேன்.

ஹர்த்தஷேக்கை 2004-இல் மூடிவிட்டார்கள். இப்போது அம்மாவின் கேசட்டுகளைக் கேட்டு எழுதி வைக்கிறேன். முகாமில் கேட்ட பாட்டுகளையும் அவர் பாடியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் முன்னால், இது யார் மகள் கட்டியது என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். அந்தப் பெயர்களைத்தான் முதலில் எழுதுகிறேன்.