லயத்துக்குள் ஒரு நூலகம்

கண்டி வாவிக்கரையில், தலதா மாளிகைக்குப் பக்கத்தில், தண்ணீருக்குள் கால் வைத்து நிற்கும் வெள்ளைக் கட்டடம் உல்பன்கே. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அரசிமார் குளித்த இடம். 1815இல் அவனைப் பிடித்து, பிறகு வேலூருக்குக் கப்பலேற்றிய வெள்ளைக்காரர்கள், 1828இல் அதைத் தங்கள் உத்தியோகத்தருக்கு நூலகமாக்கிக்கொண்டார்கள். கீழே வாவித் தண்ணீர், மேலே புத்தக அலுமாரிகள். கம்பளைப் பக்கம் காடு வெட்டிக் கோப்பித் தோட்டங்கள் திறந்த காலமும் அதுதான். எங்கள் ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த காலம்.

அவர்களைத் தேடித்தான் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஃபெர்குசன் டைரக்டரியைப் புரட்டினேன். தோட்டத்தின் பெயர், ஏக்கர் கணக்கு, துரையின் பெயர் எல்லாம் வரிசையாக இருந்தன. எங்கள் தோட்டமும் இருந்தது. எங்கள் அப்பாயி இல்லை.

அதனால்தான் அவருடைய தகரப்பெட்டியில் கிடந்த காகிதங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, கம்பளைக்கு அப்பால் பழைய பீக்கொக் தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன். கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் ஆவணக் காப்பகத்தையும் திறந்தது. புதுக் கட்டடம் கட்டவில்லை. தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயக் காம்பிராக்களையே அப்படி ஆக்கியிருக்கிறார்கள். இதைவிடச் சரியான இடம் எனக்குத் தோன்றவில்லை. குனிந்து உள்ளே நுழைந்ததும், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் நாங்கள் எட்டுப் பேர் படுத்த இரவுகள் அப்படியே திரும்பி வந்தன. கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, அம்மி என்று ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுச் சாமான்.

அப்பாயி அடிக்கடி சொல்லும் ஒரு சொல் 'துண்டு'. தன் அம்மாவிடமிருந்து கேட்டது. தொழிலாளி பட்ட கடனை எழுதிய சீட்டு அது. அந்தக் கடனை இன்னொரு தோட்டம் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். கடனோடு ஆளும் கைமாறும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். சீட்டு ஒழிந்தும் சொல் எங்கள் வீட்டில் இருந்தது. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தேடிச் சேர்த்திராவிட்டால் இப்படி எத்தனையோ சொற்கள் சுடுகாட்டுக்குப் போயிருக்கும். அவருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரியது.

1948இல் எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமை போனது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டது. எங்கள் லயத்தில் மூன்று வீடு காலியானது. போனவர்கள் தேவையான காகிதத்தை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு, மிச்சத்தை அடுப்பில் போட்டார்கள் என்று அப்பா சொல்வார். அப்பாயி மட்டும் எதையும் எரிக்க விடவில்லை. எழுத்துத் தெரியாதவர், ஒவ்வொன்றையும் எண்ணெய்க் கடதாசியில் சுற்றி வைத்திருந்தார்.

காப்பகப் பொறுப்பிலிருந்த பெண் அந்தக் காகிதங்களை மேசைமீது ஒவ்வொன்றாக விரித்தார். அரிசிக் கூப்பன், மடிப்பில் கிழிந்த பிரஜாவுரிமை விண்ணப்பப் பிரதி, சம்பளச் சீட்டு. சீட்டில் பெருவிரல் ரேகை, மசி மங்கியும் சுழி தெளிவாகத் தெரிந்தது.

கொப்பியைத் திறந்து, "யாருடையதுங்க?" என்று கேட்டார்.

என் வாயில் முதலில் வந்தது தோட்டப் பதிவிலிருந்த அவருடைய செக்ரோல் நம்பர். அப்பாயி அப்படித்தான் சொல்லிப் பழகியிருந்தார்.

"நம்பரை அடுத்த பத்தியில போடுறேங்க. மொதல்ல பேரச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் நிதானமாக, முழுப் பெயரையும் தமிழில் எழுதினார்.