பெட்டிக் கம்பெனி அம்மாவின் மகன்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் காரும் லாரியும் செல்போனும் செய்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அவற்றின் உதிரிபாகங்கள் ஏறிப் போகும் அட்டைப்பெட்டியைச் செய்கிறவர்களைப் பற்றி அதிகம் பேர் யோசிப்பதில்லை. எனக்குச் சோறு போடுவது அந்தத் தொழில்தான். மூன்று பிளை, ஐந்து பிளை, ஏழு பிளை என்று பெட்டியை வகை பிரித்துப் பேசுவோம். மேலே தெரியும் தாளும் உள்ளே நெளிநெளியாக ஓடும் தாளும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்கும். பசை சரியாகக் காயாத பெட்டி, ஐப்பசி மழையில் நாலு அடுக்கு ஏற்றினாலே நசுங்கி உட்கார்ந்துவிடும்.

இந்தத் தொழிலில் கிடப்பதால், டென்னிஸ் ஆட்டக்காரர் விஜய் அமிர்தராஜ் என்றதும் எனக்கு முதலில் அவருடைய அம்மாதான் நினைவுக்கு வருவார். மேகி அமிர்தராஜ் சென்னையில் அட்டைப்பெட்டித் தொழில் நடத்தியவர். கணவர் ராபர்ட்டுக்கு ரயில்வேயில் வேலை. ஆனந்த், விஜய், அசோக் என்று மூன்று பையன்கள். 1953-இல் பிறந்த விஜய்க்குச் சின்ன வயதில் நுரையீரல் கோளாறு. ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்த பிள்ளை. பள்ளிக்கூடம் போக முடியாத நாட்களில் மேகி தானே வகுப்பில் போய் உட்கார்ந்து, பாடத்தை எழுதிக்கொண்டு வந்து மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தொழிலையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்த அந்த அம்மாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. உடம்பு தேறட்டும் என்றுதான் பையன் கையில் மட்டையைக் கொடுத்தார்கள்.

அந்தப் பையன் 19 வயதில், 1973-இல், விம்பிள்டன் கால் இறுதிக்குப் போனார். யான் கோடெஷிடம் ஐந்தாவது செட்டில் 5–7 என்று தோற்றார்; அந்த ஆண்டுப் பட்டம் கோடெஷுக்குத்தான். அது சாதாரண ஆண்டு அல்ல. யூகோஸ்லாவியாவின் நிகோலா பிலிச்சுக்கு விதித்த தடையை எதிர்த்து, முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த ஆட்டக்காரர்கள் சங்கமான ஏடிபி புறக்கணிப்பு அறிவித்தது. 81 பேர் விம்பிள்டனுக்கு வரவில்லை. ஆள் இல்லாத களத்தில் ஜெயித்தார் என்று யாராவது சொல்லியிருந்தால், அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் ராட் லேவரைத் தோற்கடித்து அதற்குப் பதில் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு அங்கேயே பியோன் போர்கும் அவரிடம் தோற்றார். 1981 விம்பிள்டன் கால் இறுதியில் ஜிம்மி கானர்ஸை இரண்டு செட் முந்திவிட்டு, பிறகு மூன்று செட்களையும் விட்டுக்கொடுத்தது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வெகுநாள் சொல்லிச் சொல்லி வருந்திய ஆட்டம்.

டேவிஸ் கோப்பையில் இரண்டு முறை இறுதிவரை போன இந்திய அணியில் அவர் இருந்தார். 1974-இல் எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசின் அணியோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகியது. கோப்பை ஆட்டமே இல்லாமல் அவர்களுக்குப் போயிற்று. 20 வயது ஆட்டக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! ஆனாலும் அந்தக் கோப்பையை எடுத்து வந்திருந்தால் கிடைத்திருக்கும் பெருமையை விட, ஆடாமல் வந்த பெருமை பெரிது என்றே நான் நினைக்கிறேன். அடுத்த இறுதி 1987-இல், ஸ்வீடனில். அப்போது அவருக்கு 34 வயது. 0–5 என்று தோற்றோம்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்ததுதான். 1989-இல் அவர் ஏடிபி ஆட்டக்காரர்கள் குழுவின் தலைவரானார்; 1993 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். போட்டி அட்டவணை, பரிசுப்பணம், ஓய்வு நாள் எல்லாவற்றிலும் அதுவரை முடிவு ஆட்டக்காரர்கள் கையில் இல்லை. 1990-இல் ஏடிபி டூர் தொடங்கியபோது அதில் ஆட்டக்காரர்களுக்கும் சரிபாதிக் குரல் கிடைத்தது. அந்த மாற்றம் நடந்த ஆண்டுகளில் ஆட்டக்காரர்களுக்காக மேசையில் உட்கார்ந்து பேசியவர் சென்னைக்காரர் ஒருவர். சங்கம் பதிவு ஆக வேண்டும் என்று 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்த பூமி எங்கள் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம். இங்கே இருப்பவர்களுக்கு அந்த நாற்காலியின் அருமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதற்கும் முன்பே, 1985-இல், மேகியும் பிள்ளைகளும் பிரிட்டானியா கம்பெனியின் பணத்தோடு சென்னையில் பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த லியாண்டர் பயஸ் அங்கே வளர்ந்த பிள்ளை. 1990-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1996-இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் வெண்கலம். பிஸ்கட் கம்பெனிப் பணமும் ஒரு பெட்டிக் கம்பெனி அம்மாவின் கண்டிப்பும் சேர்ந்து நாட்டுக்கு ஒரு பதக்கம் கொடுத்தன. 2024-இல் சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் பயஸும் விஜயும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டார்கள். அந்த மண்டபத்தில் இடம்பெற்ற முதல் ஆசிய ஆண்கள் இவர்கள் இருவரும்தான். பயஸ் ஆட்டக்காரர் என்ற பிரிவில் போனார். விஜயைச் சேர்த்தது பங்களிப்பாளர் பிரிவில். களத்துக்கு வெளியே செய்ததற்குக் கிடைத்த மரியாதை அது.

2019-இல் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தின் தலைவர் பொறுப்பு அவரிடம் வந்தது. வந்த நேரம் நல்ல நேரம் இல்லை. 1997 முதல் ரஃப்டர், மோயா, வாவ்ரிங்கா என்று வந்து ஜெயித்துப் போன சென்னை ஓப்பன், 2017-ஓடு கைவிட்டுப் போய்ப் புனேயில் உட்கார்ந்திருந்தது. நுங்கம்பாக்கம் மைதானம் வெறிச்சென்று கிடந்தது. 2022 செப்டம்பரில் அங்கே முதல்முறையாகப் பெண்கள் டபிள்யூடிஏ போட்டி நடந்தது. செக் நாட்டு லிண்டா ஃபுருஹ்விர்டோவா 17 வயதில் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். 2025-இல் அந்தப் போட்டி மறுபடியும் சென்னைக்கு வந்தது. இவ்வளவு தூரம் கொண்டு வந்ததற்கு அவருக்கும் சங்கத்துக்கும் மனதார நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் என் மனக்குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வல்லம் வடகால் சிப்காட்டில் பெண் தொழிலாளர்களுக்காகக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். பெரும்பாலும் இளம் பிள்ளைகள். நுங்கம்பாக்கம் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். பெண்கள் டென்னிஸ் நுங்கம்பாக்கத்தில் நடந்த வாரத்தில் இவர்களில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? எங்கள் யூனிட்டில் ஸ்டிட்சிங் மிஷினில் நிற்கும் ஒரு பெண், பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடி மாவட்டம்வரை போனவள். வேலைக்கு வந்த பிறகு பந்தைத் தொட்டாயா என்று கேட்டேன். "எங்க சார் ஆடுறது? ஷிஃப்ட் முடிஞ்சா பஸ்ஸு, பஸ்ஸ வுட்டா ரூமு" என்றாள். கை மட்டும் நிற்கவில்லை. பெட்டியைத் திருப்பிப் பின் அடிக்கும்போது அந்த மணிக்கட்டு போகிற வேகத்தைப் பார்க்க வேண்டும்.

டென்னிஸ் நம் ஊரில் கிளப்பில் உறுப்பினராக இருப்பவர்களின் ஆட்டமாகவே இருந்து வந்திருக்கிறது. தொழிற்பேட்டைச் சாலைகளில் இத்தனை ஆண்டுகள் போய் வந்ததில், யார் வேண்டுமானாலும் உள்ளே போய் ஆடக்கூடிய டென்னிஸ் களம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், கிராமத்துத் திடலில் வாலிபால் ஆடுகிறார்கள். அதுவும் பையன்கள்தான்.

இதற்குப் பெரிய இடம் ஒன்றும் வேண்டாம். சுற்றி ஓட விடும் இடத்தையும் சேர்த்து ஒரு டென்னிஸ் களம் 120 அடிக்கு 60 அடி, பதினாறரை சென்ட். இங்கே பல கம்பெனிகள் டிரெய்லர் நிறுத்த ஒதுக்கியிருக்கும் இடம் இதைவிடப் பல மடங்கு. பணத்துக்கும் வழி இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கிராமப்புற விளையாட்டுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் பயிற்சி கொடுப்பதும் இருக்கிறது.

டென்னிஸ் சங்கம் ஒரு பயிற்சியாளரை அனுப்பட்டும். சிப்காட் இடம் கொடுக்கட்டும். கம்பெனிகள் தரையும் வலையும் விளக்கும் போடட்டும். ஏ ஷிஃப்ட் முடித்து வருகிற பெண்களுக்கு மாலையில் இரண்டு மணி நேரம் தனியாக ஒதுக்கட்டும். இந்த வட்டாரத்துக் கம்பெனி நிர்வாகத்தில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், உங்கள் சமூகப் பொறுப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்வையுங்கள்.