தோமையாரின் மூன்று தலங்களும் எம் அன்னையாரின் பயண அட்டையும்

திருவண்ணாமலையின் மறுபுறத்தில், மலையை வலம் வரும் பாதையை ஒட்டி அமைந்தது எங்கள் ஊராகிய அடி அண்ணாமலை. முழுநிலா நாள்களில் இவ்வூர் வழியே இலட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடந்து செல்வர். 14 கிலோ மீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் நடப்பவரைத் தடுக்கும் வாயிலும் இல்லை. சீட்டுக் கேட்பாரும் இல்லை. அதைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்த எம் அன்னையாருக்கு, தாமும் ஒருமுறை யாத்திரை போகவேண்டும் என்னும் ஆவல் நெடுநாளாக உண்டு. வேளாங்கண்ணிக்குப் பலமுறை சென்று வந்திருக்கிறார். சென்னையிலுள்ள புனித தோமையாரின் மூன்று தலங்களையும் ஒரே பயணத்தில் தரிசிக்க வேண்டும் என்பதே 73 வயதில் அவர் வெளியிட்ட விருப்பம்.

ஆகவே 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், திருத்தூதரின் திருநாளாகிய 3ஆம் நாளை அடுத்து வந்த சனிக்கிழமையன்று, அன்னையார், துணைவியார், பள்ளியில் பயிலும் மகள் ஆகியோருடன் நாம் புறப்பட்டோம். செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பேருந்துப் பயணம். முன்பெல்லாம் பேருந்து நம்மைக் கோயம்பேட்டில் இறக்கிவிடும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்ட பின்னர், தென்திசையிலிருந்து செல்வோர் நகரின் வாசலிலேயே இறங்கிக்கொள்ள நேர்கிறது. அங்கிருந்து சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் சாந்தோமுக்கும் செல்வதற்குத்தான் பயண அட்டை பற்றிய அறிவு நமக்குத் தேவைப்பட்டது. அவ்வறிவு நம்மிடம் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

கிளாம்பாக்கத்தில் வெள்ளைப் பலகைப் பேருந்து ஒன்றில் ஏறினோம். அத்தகைய சாதாரணப் பேருந்துகளில் 2021 மே முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை. எனவே நால்வரில் நாம் ஒருவர் மட்டுமே காசு கொடுத்தோம். விமான நிலையத்தருகே இறங்கி, அங்குள்ள மெட்ரோ இரயில் நிலையத்தினுள் நுழைந்தோம். சென்னையில் மெட்ரோ இரயில் முதன்முதலாக ஓடியது 2015 சூன் 29ஆம் நாள், கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையில். விமான நிலையத்தையும் சின்னமலையையும் இணைக்கும் பாதை அடுத்த ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது.

சீட்டு விற்கும் இடத்தில் 'சிங்காரச் சென்னை' என்னும் அட்டையைப் பற்றி எடுத்துரைத்தனர். 2023 ஏப்ரலில் மெட்ரோ நிறுவனமும் பாரத ஸ்டேட் வங்கியும் சேர்ந்து வெளியிட்ட அட்டை அது. முதலில் பணத்தைச் செலுத்தி அட்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு செல்லும்போதெல்லாம் கட்டணம் அதிலிருந்து கழியும். 2025 சனவரி முதல் மாநகரப் பேருந்துகளிலும் அதே அட்டை செல்லுபடியாகிறது. நாடு முழுவதற்கும் பொதுவான அட்டை முறையைச் சேர்ந்தது ஆதலால், அம்முறையை ஏற்கும் பிற நகரங்களின் மெட்ரோ இரயில்களிலும் இது பயன்படும். ஆங்காங்கில் 1997லும் இலண்டனில் 2003லும் இவ்வகை அட்டைகள் வந்துவிட்டன என்று பிறகு அறிந்தோம். நம்மவர்க்குச் சற்றுத் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவே.

குடும்பத் தலைவர் என்னும் மிடுக்குடன் நாம் ஓர் அட்டையை மட்டும் வாங்கி, 200 ரூபாய் ஏற்றிக்கொண்டோம். குடும்ப அட்டை ஒன்றைக் காட்டி அனைவருக்கும் அரிசி வாங்குவதுபோல, இதையும் ஒருவர் வைத்திருந்தால் நால்வரும் போகலாம் என்பது நம் எண்ணம். தடுப்பு வாயிலில் அட்டையை வைத்ததும் கதவு திறந்தது, உள்ளே சென்றோம். பின்னர் அட்டையைக் கதவின் மேலாக அன்னையாரிடம் நீட்டினோம். அவரும் வைத்துப் பார்த்தார். கதவு அசையவில்லை. மீண்டும் வைத்தார், அப்போதும் அசையவில்லை. பின்னால் வரிசை நீண்டது.

அங்கிருந்த பணிப்பெண் விரைந்து வந்து பொறுமையாக விளக்கினார். உள்ளே நுழையும்போது அட்டை ஏறிய இடத்தைக் குறித்துக்கொள்கிறது. வெளியேறும்போது மீண்டும் வைத்தால்தான் இறங்கிய இடத்தை அறிந்து கட்டணத்தைக் கழிக்கும். ஏற்கெனவே உள்ளே போய்விட்ட அட்டை வெளியே வராமல் இன்னொருவருக்கு வாயிலைத் திறவாது. ஆகவே ஒருவருக்கு ஓர் அட்டை. அல்லது ஆளுக்கொரு சீட்டு.

"மூணு பேருக்கும் சீட்டு வாங்கிடலாம்மா" என்றார் துணைவியார்.

"நீயும் புள்ளையும் சீட்டு வாங்கிக்குங்க. எனக்குத் தனியா ஒண்ணு வாங்கிக் குடு" என்றார் அன்னையார்.

அவருக்கு எதற்கு வீண் செலவு என்று நாம் உள்ளிருந்தே தடுத்தோம். ஆனால் அவர் கேட்கவில்லை. தம் சுருக்குப்பையிலிருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து மருமகளிடம் கொடுத்தார். அவரிடமிருந்த பொத்தான் வைத்த சிறு கைப்பேசியின் எண்ணைப் பதிந்து, அட்டையைக் கொடுத்தனர். அவர் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்து, செபமாலை வைத்திருந்த சிறு பையிலேயே வைத்துக்கொண்டார்.

மெட்ரோ கட்டணம் குறைந்தது 10 ரூபாய், மிகுந்தது 50 ரூபாய். அட்டை வைத்திருப்போருக்கு நூற்றுக்கு 20 வீதம் தள்ளுபடி உண்டு. எனவே அன்னையார் நமது கணக்கைவிட நல்ல கணக்கே போட்டிருந்தார் என்பது சின்னமலையில் இறங்கியதும் புலப்பட்டது. மருமகளும் பேத்தியும் கொடுத்ததைவிட அவருக்குக் குறைவாகவே கழிந்திருந்தது.

சின்னமலையில் திருத்தூதர் மறைந்து வாழ்ந்ததாக மரபு கூறும் குகையினுள் குனிந்து சென்று செபித்தோம். உள்ளே ஒருவர் பின் ஒருவராகத்தான் செல்ல முடியும். வெளியே வந்து சிறிது நேரம் இளைப்பாறிய பின் பரங்கிமலைக்குப் புறப்பட்டோம். ஆலந்தூரில் இறங்கி வேறு தளத்திற்குச் சென்று, மற்றொரு பாதையின் வண்டியைப் பிடித்து ஒரே ஒரு நிலையம் செல்லவேண்டும். சனிக்கிழமை மாலை; கூட்டத்திற்குக் குறைவில்லை. வண்டி வந்து நின்றதும் முன்னால் நின்ற அன்னையார் கூட்டத்தோடு உள்ளே ஏறிவிட்டார். மகளின் செருப்பு கழன்றுவிட, நாங்கள் மூவரும் பின்தங்கினோம். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடி வழியே அவருடைய வெண்ணிறச் சேலைத் தலைப்பு தெரிந்தது. பின் அதுவும் மறைந்தது.

அடுத்த வண்டி வருவதற்குள் நாம் பட்ட பாட்டைச் சொல்ல இயலாது. கைப்பேசியில் அழைத்தோம், அவர் எடுக்கவில்லை. துணைவியார் அருள்நிறை மந்திரத்தை முணுமுணுக்கத் தொடங்கினார். ஒருவேளை நம் விருப்பப்படியே ஒற்றை அட்டையை நாமே வைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? வெளியேறும் வாயிலின் உட்புறத்தில், கையில் ஒன்றுமின்றி, யாரிடம் என்ன கேட்பது என்று அறியாமல் அவர் நின்றிருப்பார்.

பரங்கிமலை நிலையத்தில் இறங்கி ஓடினோம். தளத்தில் அவர் இல்லை. வாயிலின் உட்புறத்திலும் இல்லை. வெளியே சுவரோரம் அமர்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"கடைசி நிறுத்தம்னு எல்லாரும் இறங்கினாங்க, நானும் இறங்கினேன். அட்டையை வச்சேன், தெறந்துச்சு. நீங்க எங்க போயிட்டீங்க?" என்று நம்மைக் கேட்டார்.

ஆட்டோ பிடித்து மலையுச்சியை அடைந்தோம். 1547இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவையின் முன் அன்னையார் நெடுநேரம் முழந்தாட்படியிட்டிருந்தார். நாம் விரைவுபடுத்தவில்லை.

மறுநாள் ஞாயிறு. கிண்டியில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்த நாங்கள், சாந்தோம் திருப்பலிக்குக் காலையிலேயே மாநகரப் பேருந்தில் புறப்பட்டோம். நடத்துநர் கருவியை நீட்ட, நமது அட்டையை அதன்மீது வைத்ததும் சீட்டு வந்தது. சில்லறைக்காக வாய்ச்சண்டை நடப்பதை அரை நூற்றாண்டாகப் பார்த்துவரும் நமக்கு இது பெரும் ஆறுதல். உடனே அன்னையாரும் தம் அட்டையை ஆர்வத்தோடு நீட்டினார். "பாட்டிம்மா, இந்த வண்டியில உங்களுக்குக் காசே இல்ல, உள்ள வைங்க" என்றார் நடத்துநர். அன்னையாரின் முகம் சற்று வாடிற்று. இலவசம் கிடைத்ததற்காக ஒருவர் வருந்துவதை அன்றுதான் கண்டோம்.

பேருந்து சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்தது. இன்றுள்ள பாலத்திற்கு முன் அவ்விடத்திலிருந்த பழைய பாலத்தை 1726இல் கட்டியவர் பெத்ருஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். பரங்கிமலைக்குப் படிகளை அமைத்தவரும் அவரே. ஆற்று வெள்ளத்தால் யாத்திரிகர் தவிப்பதைத் தவிர்க்கத் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டதோடு, பாலத்தைப் பழுதுபார்க்கவும் நிதி வைத்துச் சென்றார். பின்னால் வரப்போகும் முகமறியாதவர்களுக்காக முன்கூட்டியே கட்டணம் செலுத்திய மனிதர்! 'அப்படியானால் அவர்தான் முதல் அட்டை வாங்கியவர்' என்றாள் மகள்.

சாந்தோமில் திருத்தூதரின் கல்லறையருகே வேண்டி, கடற்கரையில் சற்று அமர்ந்து, மாலையில் ஊர் திரும்புவதற்காகக் கிண்டி மெட்ரோ நிலையத்தை அடைந்தோம். இங்கும் நமக்கொரு பாடம் காத்திருந்தது. உறவினரின் மகன் அன்று மதியம் தன் கைப்பேசி வழியாகவே நமது அட்டைக்கு 200 ரூபாய் செலுத்தியிருந்தான். எனினும் வாயில் திறக்கவில்லை. விசாரித்தபோது விவரம் தெரிந்தது. இவ்வட்டையில் பணம் அட்டையிலுள்ள சில்லிலேயே இருக்கிறது. கைப்பேசி வழியே செலுத்திய தொகை, நிலையத்திலுள்ள கருவியில் அட்டையை வைத்துப் பதிவு செய்த பிறகே அதில் ஏறும். நேரில் ரொக்கமாகக் கொடுத்தால் அப்போதே ஏறிவிடும். அட்டை தொலைந்தால் அதிலிருக்கும் பணமும் சந்தையில் தவறவிட்ட பணப்பையைப் போலத்தான். 2,000 ரூபாய் வரை வைக்கலாம் என்பதற்காக அவ்வளவையும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. யாத்திரை செல்வோருக்கு ஓரிரு நூறு போதும்.

நாம் கருவியைத் தேடிப் போய் வருவதற்குள் அன்னையார் தமது அட்டையைத் தொட்டு உள்ளே சென்று, பேத்தியின் சீட்டை எப்படி வைக்கவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார்.

நள்ளிரவுக்குச் சற்று முன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தோம். அட்டையில் இன்னும் நூறு ரூபாய்க்கு மேல் இருக்கிறது. "அந்தப் பணம் கெட்டுப் போயிடாதே?" என்று வழியில் இருமுறை கேட்டார் அன்னையார். இப்போது அட்டை அவருடைய செபப் புத்தகத்தில், புனித தோமையாரின் படத்தோடு இருக்கிறது. அடுத்த சூலைக்கு விமான நிலையத்திலிருந்து சின்னமலைக்கு எவ்வளவு, அங்கிருந்து பரங்கிமலைக்கு எவ்வளவு என்று பேத்தியைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி, அதையும் அங்கேயே மடித்து வைத்திருக்கிறார்.